முதலில் வளை, அப்புறம்தான் விலங்கு

மண்ணைக் குடைந்து வாழும் ஒரு கற்பனை விலங்கை வரையச் சொன்னால் கிட்டத்தட்ட எல்லோரும் ஒரே மாதிரிதான் வரைகிறார்கள். கரடி மாதிரி ஓர் உடம்பு, அரிவாள் மாதிரி வளைந்த நகங்கள், இருட்டில் பளபளக்கும் பெரிய கண்கள். அது மண்ணுக்குள் மீன் போல சர்ரென்று போகும், பின்னால் வழவழப்பான வட்டச் சுரங்கம் ஒன்று காலியாகக் கிடக்கும். அந்தச் சுரங்கத்துக்குள் இருந்த மண் எங்கே போனது என்று யாரும் கேட்பதில்லை.

என்னைக் கேட்டால், முதலில் கேட்க வேண்டிய கேள்வியே அதுதான். கதைக்கோ விளையாட்டுக்கோ ஒரு குடையும் விலங்கை உருவாக்குகிறவர்கள் நகத்தில் தொடங்கி நகத்திலேயே முடித்துவிடுகிறார்கள். உண்மையில் இந்த விலங்குகளின் உடம்பை வடித்தது மண்தான், அதோடு மண்ணுக்குள் இருக்கும் அந்தக் குறுகலான குழாய். அதனால் வளையை முதலில் தீர்மானித்துவிட்டால் விலங்கு பாதி தானாகவே உருவாகிவிடும்.

இதைக் காட்டுவதற்காக இங்கே நாமே ஒரு விலங்கை உருவாக்கப் போகிறோம். பெயர் குடைவான். இப்படி ஒரு விலங்கு உலகத்தில் எங்கும் கிடையாது. ஆனால் இதன் ஒவ்வொரு உறுப்புக்கும் பழக்கத்துக்கும் உண்மையான ஏதோ ஒரு விலங்கிடம் சாட்சி உண்டு. அந்தச் சாட்சிகளையும் கூடவே சொல்லிக்கொண்டு போகிறேன்.

## தங்குவது வேறு, வாழ்வது வேறு

நரி வளை தோண்டும். குழிமுயல் தோண்டும். ஆனால் இவை எல்லாம் வளையை வீடாக மட்டும் வைத்திருப்பவை. சாப்பாட்டுக்கு வெளியே வந்தாக வேண்டும், ஆபத்து வந்தால் ஓட வேண்டும், அதனால் நல்ல கண்ணும் நீளமான காலும் அவற்றுக்குத் தேவை.

வீட்டை விட்டே வெளியே வராத இன்னொரு கூட்டம் இருக்கிறது. சாப்பிடுவது, தூங்குவது, குட்டி போடுவது எல்லாமே மண்ணுக்குள். இவற்றைத்தான் இந்தக் கட்டுரையில் நிலத்தடி விலங்கு என்று சொல்லப் போகிறேன். அகழெலி இதில் ஒன்று (பெயரில்தான் எலி இருக்கிறது, எலிக் குடும்பத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, மூஞ்சூறுக்குத்தான் அது நெருங்கிய சொந்தம்). ஆப்பிரிக்காவின் மோல் எலிகள் இன்னொன்று, இவை உண்மையிலேயே கொறிப்பன.

கற்பனை விலங்குகளில் வரும் குழப்பத்தில் பாதி, இந்த இரண்டு கூட்டத்தையும் ஒன்றாகக் கலப்பதால் வருவது. நரியின் கண்ணும் அகழெலியின் கையும் ஒரே உடம்பில் ஒட்டப்படுகின்றன. குடைவான் சுத்தமான நிலத்தடி விலங்கு. அது தின்பது கிழங்கும் வேரும். நாம் அதற்குக் கொடுக்கும் நிலம், கோடையில் இறுகி மழையில் இளகும் ஒரு திறந்த புல்வெளி.

## ஒரு மீட்டருக்கு எவ்வளவு மண்?

ஒருமுறை வெறும் கையால் ஒரு சாண் ஆழத்துக்குக் குழி தோண்டிப் பாருங்கள். முதல் இரண்டு விரல் ஆழம் சுலபமாக வரும். அப்புறம் விரல் நுனி ஒரு சின்ன வேரில் மாட்டும், நகத்துக்கும் சதைக்கும் நடுவே மண் புகுந்து வலிக்க ஆரம்பிக்கும். அதற்குக் கீழே மண் இறுகிப் போயிருக்கும், விரல் வழுக்குமே தவிர இறங்காது. அள்ளிப் போட்ட மண் குழியின் ஓரத்திலிருந்து மறுபடி உள்ளேயே சரியும். ஒரு சாணுக்கே இந்தப் பாடு.

இப்போது கணக்குக்கு வருவோம். குடைவானின் வளை 6 செ.மீ. அகலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மீட்டர் நீளத்துக்கு அது வெளியேற்ற வேண்டிய மண் கிட்டத்தட்ட 2.8 லிட்டர், எடையில் சுமார் 4 கிலோ. குடைவானின் எடையோ 300 கிராம்தான். அதாவது ஒவ்வொரு மீட்டருக்கும் தன்னைப் போலப் பதின்மூன்று மடங்கு எடையை அது பெயர்த்து நகர்த்த வேண்டும். 60 கிலோ எடையுள்ள ஒருவர் 800 கிலோ மண்ணைக் கையாள்வதற்குச் சமம் இது.

அகலத்தை இரட்டிப்பாக்கினால் என்ன ஆகும்? 12 செ.மீ. வளையில் மண் இரண்டு மடங்கு ஆகாது, நான்கு மடங்கு ஆகும். வட்டத்தின் பரப்பு அகலத்தின் வர்க்கத்தோடு ஏறுவதால் வரும் விளைவு இது. மீட்டருக்கு 16 கிலோ. நிலத்தடி விலங்குகள் பெரும்பாலும் உள்ளங்கைக்குள் அடங்கும் அளவில் இருப்பதற்கு இந்தக் கணக்கு ஒரு பெரிய காரணம். கரடி அளவு உடம்போடு ஒரு விலங்கு மண்ணுக்குள்ளேயே வாழ்வது ஏன் நடக்காது என்பதையும் இதே கணக்கு சொல்லிவிடுகிறது.

இந்த உழைப்பை ஒருவர் அளந்தே பார்த்திருக்கிறார். வட அமெரிக்காவில் கோஃபர் என்று ஒரு வளை தோண்டும் கொறிப்பன் உண்டு. 1979-ல் டேவிட் விளெக் என்ற ஆய்வாளர் அது தோண்டும்போது எவ்வளவு சக்தி செலவாகிறது என்று அளந்தார். அதே தூரத்தைத் தரைக்கு மேலே நடந்து கடப்பதைவிட 360 முதல் 3,400 மடங்கு வரை அதிகம் செலவாகலாம் என்று கணக்கு வந்தது. எத்தனை மடங்கு என்பது மண்ணின் வகையைப் பொறுத்தது. ஒரு மீட்டர் குடைய ஆகும் சக்தியில் மூன்று கிலோமீட்டருக்கு மேல்கூட நடந்துவிடலாம் என்று யோசித்துப் பாருங்கள். இதை மனதில் வைத்துக்கொண்டால் பின்னால் வரும் பல விஷயங்கள் தானாகப் புரியும்.

இதுவரை வந்தது இவ்வளவுதான்: மண்ணைப் பெயர்ப்பது பயங்கரமான செலவு, வளை அகலமாக ஆக அந்தச் செலவு வேகமாக ஏறுகிறது. அதனால் குடைவான் சின்ன விலங்கு. உருளை வடிவ உடம்பு, சுமார் 16 செ.மீ. நீளம், கழுத்தென்று தனியாகத் தெரியாத தலை, குட்டைக் கால்கள். வளைக்கு வெளியே துருத்திக்கொண்டு நிற்கும் எந்த உறுப்புக்கும் கூடுதலாக மண் தோண்டியாக வேண்டும், அதனால் எதுவுமே துருத்தவில்லை.

## தோண்டிய மண் எங்கே போகும்?

ஒரு குழியைத் தோண்டி, எடுத்த மண்ணையே திரும்பக் கொட்டி மூடியிருக்கிறீர்களா? மண் மிஞ்சும், குழி இருந்த இடத்தில் ஒரு மேடு நிற்கும். இறுகிக் கிடந்த மண்ணைப் பெயர்த்ததும் துகள்களுக்கு நடுவே காற்று புகுந்து அது உப்பிவிடுகிறது. குடைவானுக்கு இது இரட்டைத் தலைவலி. பெயர்த்த மண்ணை வைக்க இடமும் வேண்டும், அந்த மண் முன்பைவிட அதிக இடத்தையும் கேட்கும்.

உண்மையான விலங்குகள் இதற்கு மூன்று வழி வைத்திருக்கின்றன. ஒன்று, மண்ணை மேலே தள்ளிவிடுவது. புல்தரையில் வரிசையாகத் தெரியும் அகழெலி மேடுகள் இப்படி வந்தவைதான். பலர் அவற்றை வீட்டு வாசல் என்று நினைக்கிறார்கள். அவை குப்பை மேடுகள், உள்ளிருந்து தள்ளப்பட்ட மண்.

இரண்டாவது, ஈரமான இளகிய மண்ணாக இருந்தால் சுவரோடு சேர்த்து அழுத்திவிடுவது. ஈரக் களிமண்ணில் விரலை விட்டு எடுத்தால் ஓட்டை நிற்பது போல.

மூன்றாவது வழி எனக்கு மிகவும் பிடித்தது. ஆஸ்திரேலியப் பாலைவனத்தில் பைப்பாலூட்டி அகழெலி என்று ஒன்று இருக்கிறது. கங்காருவைப் போல வயிற்றில் பை உள்ள விலங்கு. அது முன்னால் மணலை வாரி அப்படியே தனக்குப் பின்னால் அடைத்துக்கொண்டே போகும். அது கடந்த பிறகு அங்கே சுரங்கமே இருக்காது. சகாரா பக்கத்து மணல்மீன் என்ற பல்லியும் இப்படித்தான். 2009-ல் எக்ஸ்ரே வைத்துப் பார்த்தபோது, மணலுக்குள் அது கால்களை உடம்போடு ஒட்டிக்கொண்டு பாம்பு மாதிரி உடம்பை நெளித்தே முன்னேறுவது தெரிந்தது. ஆக, மீன் போல நீந்துவது என்பது முழுக்கப் பொய்யில்லை. ஆனால் அது உதிரி மணலில் மட்டும் நடக்கும், பின்னால் சுரங்கமும் மிஞ்சாது. நீந்தவும் வேண்டும், சுரங்கமும் வேண்டும் என்று இரண்டையும் ஒரே விலங்குக்குக் கொடுக்க முடியாது.

நம் குடைவானின் நிலம் மணல் இல்லை. அதனால் அது மேலே தள்ளும் வழியை எடுக்கிறது. சில மீட்டருக்கு ஒருமுறை பக்கவாட்டில் சாய்வாக ஒரு கிளை போடும், மண்ணை அதன் வழியாக மேலே தள்ளும், முடிந்ததும் அந்த வாயை மண்ணாலேயே இறுக்கி அடைத்துவிடும். கிளைகள் நெருக்கமாக இருப்பதும் செலவுக் கணக்குதான். பத்து மீட்டர் தூரம் மண்ணை இழுத்துக்கொண்டு போவதைவிட மேலே ஒரு குட்டிக் கிளை வெட்டுவது மலிவு.

## நகமா, பல்லா, தோளா?

எதைக் கொண்டு தோண்டுவது என்பதை மண்தான் முடிவு செய்கிறது. மூன்று கருவிகள் உண்டு.

நகத்தால் பிறாண்டுவது நமக்குத் தெரிந்த முறை. நாய் செய்வது அதுதான். அகழெலி செய்வது வேறு, அதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். அதன் உள்ளங்கை வெளிப்பக்கம் பார்த்துத் திரும்பியிருக்கும், மண்வெட்டியின் தகடு மாதிரி அகலமாக. ஐந்து விரல்களுக்குப் பக்கத்தில் கட்டைவிரல் போலவே இன்னொன்று தெரியும். அது விரல் இல்லை, மணிக்கட்டருகே இருக்கும் ஒரு சின்ன எலும்பு வளர்ந்து நீண்டு, உள்ளங்கையை இன்னும் அகலமாக்கிக் கொடுக்கிறது. மேற்கை எலும்பு நமக்கு நீளமான குழாய் போல இருக்கிறதல்லவா, அகழெலிக்கு அது குட்டையாகவும் தட்டையாகவும் அகன்றும் இருக்கும், பெரிய தசைகள் பிடித்துக்கொள்ள வசதியாக. தோண்டும்போது அந்த எலும்பு தன் அச்சிலேயே சுழல்கிறது. பெரிய தசை, குட்டையான கை. இது ஒரு நெம்புகோல். நெம்புகோல் என்றால் ஒரு முனையில் கொடுக்கும் விசையை மறுமுனையில் கூட்டியோ குறைத்தோ தரும் தண்டு. கை குட்டையாக இருந்தால் வேகம் குறையும், விசை கூடும். மண்ணுக்குத் தேவை விசைதான். நீளமான கையில் நீளமான நகம் வைத்து வரையப்படும் விலங்குகள் இங்கேதான் சறுக்குகின்றன. அந்தக் கை ஓடவும் எட்டிப் பிடிக்கவும் நல்லது, மண்ணைப் பிளக்க அதற்கு பலம் போதாது.

மண் ரொம்பவும் இறுகியிருந்தால் நகம் தேய்ந்துபோகும். அங்கே பல்தான் உளி. மோல் எலிகள் பலவும் முன்பற்களால் மண்ணைச் செதுக்குகின்றன. கொறிப்பனவற்றின் முன்பல் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருக்கும். முன்பக்கம் கடினமான எனாமல், பின்பக்கம் அதைவிட மென்மையான பகுதி. மென்மையான பக்கம் சீக்கிரம் தேய்வதால் பல் தானாகவே கூர்மையாகிக்கொண்டே இருக்கும், சாணை பிடிக்கத் தேவையில்லை.

அப்படியானால் வாயெல்லாம் மண் போகாதா என்று உடனே தோன்றும். மோல் எலிக்குப் போகாது. அதன் உதடுகள் பற்களுக்குப் பின்னால் மூடுகின்றன. வாயை மூடிய பிறகும் பற்கள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். முதல்முறை படத்தில் பார்த்தபோது ஏதோ குறைபாடுள்ள விலங்கு என்றுதான் நினைத்தேன். புரிந்த பிறகு இதைவிடச் சுத்தமான தீர்வு வேறு இருக்க முடியுமா என்று தோன்றியது.

குடைவானின் நிலம் கோடையில் இறுகும் என்று சொன்னோம். அதனால் அதற்குப் பல்தான் முதன்மைக் கருவி. உதடு பல்லுக்குப் பின்னால் மூடும். தாடைத் தசை பெரிது, தலை அகலம். முன்கை, பெயர்த்த மண்ணை வயிற்றுக்கடியில் வாரிப் பின்னால் தள்ள மட்டும். பின்காலில் ஓரமாக விறைப்பான ரோமங்கள், துடைப்பம் போல.

இங்கே ஒரு சொல் தெரிந்துகொள்ளலாம். ஐரோப்பாவின் அகழெலி மூஞ்சூறுக்குச் சொந்தம். ஆப்பிரிக்காவின் பொன் அகழெலி யானையின் தூரத்துச் சொந்தம். ஆஸ்திரேலியாவில் இருப்பது கங்காரு வழி. மூன்றுக்கும் நெருங்கிய உறவே கிடையாது, ஆனால் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அண்ணன் தம்பி போல இருக்கும். சொந்தமில்லாத உயிர்கள் ஒரே மாதிரி வாழ்க்கை வாழப்போய் ஒரே மாதிரி உடம்புக்கு வந்து சேர்வதைக் குவி பரிணாமம் என்பார்கள். ஒரு கற்பனை விலங்கை இவ்வளவு தைரியமாக நாம் உருவாக்க முடிவதே இதனால்தான். மூன்று தடவை தனித்தனியாக ஒரே விடை வந்திருக்கிறது என்றால், கேள்வியை வைப்பது மண்தான்.

## கண் ஏன் சிறுத்தது?

பயன்படுத்தாததால் கண் சுருங்கிவிட்டது என்று சொல்வது வழக்கம். இது தவறு. ஒருவர் வாழ்நாள் முழுக்கக் கண்ணை மூடிக்கொண்டே இருந்தாலும் அவர் குழந்தை சரியான கண்ணோடுதான் பிறக்கும்.

நடப்பது வேறு. எல்லா உயிரிலும் தலைமுறைக்குத் தலைமுறை சின்னச் சின்னப் பிழைகள் பிறக்கின்றன. வெளிச்சத்தில் வாழும் விலங்குக்குக் கண்ணில் பிழை வந்தால் அது பிழைப்பது கஷ்டம், அந்தப் பிழை அதோடு போய்விடும். இருட்டுக்குள் வாழும் விலங்குக்கு அதனால் நஷ்டமில்லை, அதனால் பிழைகள் தங்கிச் சேர்கின்றன. கூடவே இன்னொன்று: கண்ணும் அதற்கான மூளைப் பகுதியும் நிறைய சக்தி தின்பவை, பெரிய கண்ணில் மண் விழும், புண்ணாகும். சின்னக் கண்ணோடு பிறந்தது இங்கே லாபத்தில் இருக்கிறது.

அதற்காகக் கண்ணே வேண்டாம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். மத்தியதரைக்கடலின் கிழக்குப் பகுதியில் வாழும் குருட்டு மோல் எலியின் கண், ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான அளவில் தோலுக்கு அடியில் புதைந்து கிடக்கிறது. உருவம் எதுவும் அதற்குத் தெரியாது. ஆனால் வெளிச்சம் உண்டா இல்லையா என்பதை மட்டும் உணர்ந்து, உடம்பின் பகல்-இரவுக் கடிகாரத்தைச் சரிசெய்ய அது உதவுகிறது. குடைவானுக்கும் அதே. தோலுக்கு அடியில் இரண்டு கடுகளவு புள்ளிகள்.

## இருட்டில் வழி தெரிவது

கண் போன இடத்தை மற்ற புலன்கள் நிரப்ப வேண்டும். வளைக்குள் கீச்சென்ற சத்தம் தூரம் போகாது, கனத்த தாழ்ந்த சத்தம்தான் போகும். அதனால் நிலத்தடி விலங்குகள் பலவும் நமக்குக் கேட்பதைவிடக் குறுகலான எல்லைக்குள், தாழ்ந்த ஒலிகளைத்தான் கேட்கின்றன. வெளிக்காது மடல் கிடையாது, அது மண் அள்ளும் கரண்டியாகத்தான் மாறும்.

ஆனால் மண்ணில் காதைவிட முக்கியம் அதிர்வு. மேசையின் ஒரு முனையில் விரலால் லேசாகச் சுரண்டிவிட்டு மறுமுனையில் காதை வைத்துக் கேளுங்கள், காற்றில் கேட்காத சத்தம் மரத்தின் வழியாகத் தெளிவாக வரும். நமீபியப் பாலைவனத்தின் பொன் அகழெலி இரவில் மணலின் மேலே நடந்து, அவ்வப்போது நின்று தலையை மணலுக்குள் புதைத்துக் கேட்கும். அதன் நடுக்காதில் இருக்கும் சுத்தி எலும்பு உடம்புக்குப் பொருந்தாத அளவு பெரிது. மண் அதிர்ந்தாலும் கனமான அந்த எலும்பு சற்றுப் பின்தங்கி நிற்கும், அந்த வித்தியாசம்தான் அதற்குச் சத்தம். குருட்டு மோல் எலி இன்னொரு படி மேலே போய், வளையின் கூரையில் தலையால் தட்டிப் பக்கத்து வளைக்காரனுக்குத் தகவல் சொல்கிறது. 'இது என் இடம்' என்பதுதான் பெரும்பாலும் செய்தி.

தொடு உணர்வில் உச்சம் வட அமெரிக்காவின் நட்சத்திர மூக்கு அகழெலி. மூக்கைச் சுற்றி 22 சதை விரல்கள், அவற்றில் 25,000-க்கு மேற்பட்ட நுண்ணிய தொடு உறுப்புகள், இவ்வளவும் நம் விரல் நுனி அளவுப் பரப்பில். ஒரு பூச்சியைத் தொட்டு, இது உணவு என்று தெரிந்து, விழுங்கி முடிக்க அதற்கு வினாடியில் எட்டில் ஒரு பங்கு நேரம் போதும்.

குடைவானுக்கு அவ்வளவு தேவையில்லை, கிழங்கு ஓடிப்போகாது. அதற்கு முகத்திலும் வாலிலும் நீண்ட தொடு ரோமங்கள். வாலில் எதற்கு என்றால், பின்னோக்கிப் போக. திரும்ப இடமில்லாத குழாயில் பின்னால் ஓடுவது முன்னால் ஓடுவது போலவே இயல்பாக இருக்க வேண்டும். அதனால்தான் அகழெலியின் ரோமம் வெல்வெட் துணி மாதிரி நேராக நிற்கிறது, எந்தப் பக்கம் தடவினாலும் படியும். பூனையை வாலிலிருந்து தலைக்குத் தடவினால் அது முகம் சுளிக்கும், அகழெலிக்கு அந்தப் பிரச்சினையே இல்லை. குடைவானின் ரோமமும் அப்படியே.

சுருக்கமாக: கடுகளவு கண், மடல் இல்லாத காது, தலையால் தட்டிப் பேசும் பழக்கம், முன்னும் பின்னும் மீசை.

## மூச்சுதான் பெரிய சிக்கல்

போர்வையைத் தலைவரை இழுத்து மூடிக்கொண்டு பத்து நிமிடம் இருந்தால் மூச்சு கனக்கும். ஆக்ஸிஜன் தீர்ந்துபோனதால் என்று நினைப்போம், ஆனால் உடம்பு முதலில் உணர்ந்து பதறுவது கரியமில வாயு சேர்வதைத்தான். வெளிக்காற்றில் ஆக்ஸிஜன் 21 சதவீதம், கரியமில வாயு 0.04 சதவீதம். குருட்டு மோல் எலியின் வளையில் மழைக்குப் பிறகு அளந்தபோது ஆக்ஸிஜன் 7 சதவீதம் வரை இறங்கியும் கரியமில வாயு 6 சதவீதம் வரை ஏறியும் இருந்திருக்கிறது. நாம் அங்கே சில நிமிடங்களில் சுருண்டுவிடுவோம்.

வளை என்றால் இரண்டு பக்கமும் திறந்த குழாய், காற்று வீசிக்கொண்டே இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படிப்பட்டதும் உண்டு. புல்வெளி நாய் என்ற அமெரிக்கக் கொறிப்பன் ஒரு வாயை உயரமாகவும் இன்னொன்றைத் தாழ்வாகவும் கட்டுகிறது. உயரத்தில் காற்று வேகமாகப் போவதால் அங்கே அழுத்தம் குறைந்து, வளைக்குள் இருக்கும் காற்றை உறிஞ்சி இழுக்கிறது. 1973-ல் இதைச் சோதித்துக் காட்டினார்கள். ஆனால் அது மேலே வந்து மேயும் விலங்கு. உண்மையான நிலத்தடி விலங்கு வாசலை அடைத்தே வைத்திருக்கும், பாம்பு உள்ளே வரக்கூடாது என்பது முக்கியம். அடைத்த வளைக்குள் காற்று மண் துகள்களுக்கு இடையிலுள்ள நுண்துளைகள் வழியாக மெதுவாகக் கசிந்துதான் வர வேண்டும்.

அதனால் மாற்றம் ரத்தத்தில் நடக்கிறது. ரத்தத்தில் ஆக்ஸிஜனைச் சுமக்கும் சிவப்புப் புரதம் ஹீமோகுளோபின். வட அமெரிக்காவின் கிழக்கத்திய அகழெலியிடம் இந்தப் புரதத்தின் அமைப்பு லேசாக மாறியிருப்பதால், அது வழக்கத்தைவிட அதிகமாகக் கரியமில வாயுவை ஏற்றி வெளியே கொண்டுபோகிறது. கிழக்கு ஆப்பிரிக்காவின் ரோமமில்லாத மோல் எலி இதில் எல்லோரையும் மிஞ்சிவிட்டது. ஆக்ஸிஜனே இல்லாத காற்றில் 18 நிமிடம் இருந்தும் அது பிழைத்ததாக 2017-ல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். அந்த நேரத்தில் அதன் மூளையும் இதயமும் பழச்சர்க்கரையை எரித்து ஓட்டுகின்றன. அந்த வழிக்கு ஆக்ஸிஜன் தேவையில்லை.

வெப்பமும் இதோடு சேர்ந்த விஷயம். வளைக்காற்று ஈரம் நிறைந்தது, வியர்த்தாலும் காயாது, காயாவிட்டால் உடம்பு குளிராது. கடுமையாக உழைக்கிற, ஆனால் சூட்டை வெளியேற்ற முடியாத விலங்கு சின்னதாக இருந்தாக வேண்டும், உள்ளே எரியும் அடுப்பையும் கொஞ்சம் தணித்து வைத்திருக்க வேண்டும். குடைவானின் உடம்பு ஓய்வில் இருக்கும்போது, அதே எடையுள்ள வெளி எலியைவிடக் குறைவாகவே ஆக்ஸிஜன் கேட்கும்.

## குடைவானின் ஒரு வருடம்

உடம்பு வந்துவிட்டது, பழக்கங்கள் இனித் தானாக வரும்.

மழைதான் அதன் நாட்காட்டி. ஈர மண்ணைக் குடைவது மலிவு. ஆனால் மழை பெய்துகொண்டிருக்கும்போது மண்ணின் துளைகளில் தண்ணீர் நின்று காற்றை அடைத்துவிடும், அப்போது கடுமையாக உழைத்தால் மூச்சு முட்டும். அதனால் பெரிய மழை அன்று குடைவான் ஆழமான அறையில் அசையாமல் படுத்திருக்கும். தண்ணீர் வடிந்து மண் இன்னும் இளகியே இருக்கும் அடுத்த சில நாட்கள்தான் அதன் அறுவடைக் காலம். ஆப்பிரிக்காவின் வறண்ட பகுதிகளில் வாழும் டமாராலாந்து மோல் எலிகளும் மழைக்குப் பிந்தைய நாட்களில்தான் தோண்டும் வேலையின் பெரும்பகுதியை முடித்துக்கொள்கின்றன. கோடை முழுவதும் பழைய வளைகளிலேயே நடமாட்டம்.

வளை இரண்டு அடுக்கு. மேலே, கிழங்குகள் இருக்கும் ஆழத்தில் நீண்ட உணவுப் பாதைகள். கீழே தங்கும் அறை, வெயிலும் இரவுக் குளிரும் எட்டாத ஆழத்தில். தூங்க ஓர் அறை, சேமிக்க ஓர் அறை, கழிப்பறை தனி. கழிப்பறை நிரம்பினால் மண்ணால் மூடிவிட்டுப் பக்கத்தில் இன்னொன்று.

பெரிய கிழங்கு ஒன்று கிடைத்தால் குடைவான் அதை முழுக்கத் தின்னாது. உள்ளே கொஞ்சம் குடைந்து தின்றுவிட்டு, ஓட்டையை மண்ணால் அடைத்துவிட்டுப் போய்விடும். கிழங்கு உயிரோடு இருக்கும், மறுபடி வளரும், சில வாரம் கழித்து அதே இடத்துக்கு வரலாம். ரோமமில்லாத மோல் எலிகள் செய்வது இதுதான். இன்னொரு கிழங்கைத் தேட எத்தனை மீட்டர் குடைய வேண்டும், அதற்கு என்ன செலவு என்று நாம் முன்னால் போட்ட கணக்கை நினைத்துக்கொண்டால், இந்தச் சிக்கனத்தின் காரணம் புரியும்.

ரோமமில்லாத மோல் எலிகள் எழுபது, எண்பது என்று கூட்டமாக, ஒரே ராணியின் கீழ் வாழ்கின்றன. மண் இறுகி, கிழங்குகள் வெகுதூரம் தள்ளித் தள்ளி இருக்கும் இடத்தில் தனி ஆள் தேடினால் எதுவும் கிடைக்காமலே செத்துப்போகலாம், பலர் பல திசையில் தேடினால் யாருக்காவது கிடைக்கும் என்பது ஆய்வாளர்கள் தரும் விளக்கம். நம் புல்வெளியில் மழை ஓரளவு தவறாமல் வருகிறது, கிழங்குகளும் நெருக்கம். அதனால் குடைவான் தனியாள். இரண்டு வளைகள் நெருங்கினால் இரு பக்கமும் தலையால் தட்டுவார்கள், அப்புறம் நடுவே ஒரு சாண் அகலத்துக்கு மண் சுவரைத் தொடாமல் விட்டுவிட்டு விலகுவார்கள்.

குட்டிகள் ஆழமான அறையில், காய்ந்த புல் விரித்த கூட்டில் பிறக்கின்றன. அடுத்த மழைக்காலம் வரும்போது தாய் தட்டும் தட்டு மாறும், குட்டிகளுக்கும் இப்போது சொல்லப்படுவது 'இது என் இடம்' என்பதுதான். ஓர் இரவு, மழை ஓய்ந்த கொஞ்ச நேரத்தில், குட்டி ஒன்று அடைத்த வாசலை உடைத்து வெளியே வருகிறது. குடைவான் தரைக்கு மேலே நடக்கும் ஒரே இரவு அநேகமாக இதுதான். அதற்கு எதுவும் தெரியவில்லை, மேலே கூரை இல்லாதது மட்டும் முதுகு ரோமத்தில் உறைக்கிறது. சில நூறு மீட்டர் ஈரப்புல்லுக்குள் தடவித் தடவிப் போகிறது, அவ்வப்போது நின்று தாடையைத் தரையில் அழுத்திக் கேட்கிறது. தட்டும் சத்தம் எதுவும் வராத ஓரிடத்தில் முன்பற்களை மண்ணில் இறக்குகிறது. முதல் மீட்டரை முடித்ததும் திரும்பாமலே பின்னோக்கி வந்து, வந்த வழியின் வாயைப் பின்காலால் மண் தள்ளி அடைக்கிறது.